முறுக்குக் கடை விளக்கு நீலமானது ஏன்?

செராஸ் தாமான் கன்னாட் பசார் மாலத்தைப் பற்றிக் கோலாலம்பூர்வாசிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புதன்கிழமை மாலையானால் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு இருபுறமும் கடை விரித்துவிடுவார்கள். சட்டியில் வறுபடும் மீ, கரும்புச் சாறு, துணிமணி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று கிடைக்காத பொருள் இல்லை. அந்த நெரிசலின் நடுவே ஒரு கச்சாங் பூத்தே கடை. முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, கடலை மிட்டாய் எல்லாம் தட்டுத் தட்டாய்க் குவிந்திருக்கும். கடைக்கார அக்கா எனக்குப் பல வருடப் பழக்கம்.

ஒரு புதன்கிழமை அவர் என்னைக் கண்டதும் முறுக்கை நிறுக்காமல் விளக்கைக் காட்டினார்.

"பத்திரிகையில எழுதுறவருதானே தம்பி, இதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க. வாங்கறப்போ பாலாட்டம் வெள்ளையா இருந்துச்சு. ஒரு வருசங்கூட ஆவல. இப்ப நீலமா அடிக்குது. முறுக்கெல்லாம் பூசணம் புடிச்ச மாதிரி தெரியுதுன்னு ஆளுங்க தாண்டிப் போறாங்க."

அண்ணாந்து பார்த்தேன். சதுரமான எல்.இ.டி. விளக்கு. மழைத் தண்ணீர் பட்டுவிடக்கூடாதே என்று தெளிவான பிளாஸ்டிக் பையைப் போட்டு மூடி, ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார். வெளிச்சம் என்னவோ குறையவில்லை. ஆனால் நிறம் கெட்டிருந்தது. பொன்னிறமாகப் பொரித்த முறுக்கு சாம்பல் பூத்துக் கிடந்தது. பக்கத்துக் கடையில் அதே முறுக்கு இருந்தால் ஜனங்கள் அங்கேதானே போவார்கள்? ஒரு சிறு வியாபாரியின் ஒரு நாள் வரும்படி விளக்கின் நிறத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தபின் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கியாஸ் விளக்கின் வாரிசு

வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் கோயில் திருவிழாவானாலும், லயத்துக் கல்யாணமானாலும், சந்தைக் கடையானாலும் உஸ்ஸென்று இரையும் கியாஸ் விளக்குதான். மண்ணெண்ணெய் ஆவியின் சுவாலை அதிக வெளிச்சம் தராது. அதற்கு மேல் கட்டியிருக்கும் வலைப்பை போன்ற மேண்டில்தான் சூடேறிப் பளீரென்று ஒளி வீசும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் அவுவர் என்ற விஞ்ஞானி பல வருடம் போராடி, 1891இல் அதன் சரியான கலவையைக் கண்டுபிடித்தார். தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. அந்த ஒரு பங்கு சீரியம் இல்லாவிட்டால் மேண்டில் மங்கல்தான்.

இந்த இரண்டையும் தரும் மோனசைட் மணல் நம் முன்னோர் மண்ணில் கிடைத்தது என்பது ஒரு வேடிக்கை. திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் சோதித்துப் பார்த்து அடையாளம் கண்டார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் அப்படித்தான் உலகப் புகழ் பெற்றது.

கியாஸ் விளக்கு போய்விட்டது, சீரியம் போகவில்லை. இன்று நாம் ஏற்றும் வெள்ளை எல்.இ.டி.யிலும் அதே சீரியம் உட்கார்ந்திருக்கிறது! எல்.இ.டி. சில்லு தானாக வெள்ளை ஒளி தராது. அது தருவது நீல ஒளி. அதன் மேல் ஒரு மஞ்சள் பொடியைப் பூசுகிறார்கள். நீல ஒளியில் ஒரு பகுதியை அந்தப் பொடி விழுங்கி, மஞ்சள் ஒளியாகத் திருப்பித் தருகிறது. மிச்சமுள்ள நீலமும் இந்த மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. வீட்டில் வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு.

யிட்ரியம், அலுமினியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த படிகத்தில் துளி சீரியம் சேர்த்ததுதான் இந்த மஞ்சள் ஒளிர்பொடி. ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் பிளாசே, பிரில் என்ற இருவர் 1967லேயே இதை விவரித்து எழுதிவிட்டார்கள். அதற்கேற்ற நீலச் சில்லுதான் அப்போது இல்லை. ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷுஜி நாக்காமுரா 1993இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். நிச்சியாவோ நெடுங்காலமாகவே டியூப் லைட்டுக்கும் டெலிவிஷனுக்கும் ஒளிர்பொடி தயாரித்து வந்த கம்பெனி. கையில் பொடி, பக்கத்தில் நீல விளக்கு. 1996இல் வெள்ளை எல்.இ.டி. பிறந்துவிட்டது. 2014இல் நாக்காமுராவுக்கும் அக்காசாக்கி, அமானோ ஆகிய இருவருக்கும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

யிட்ரியத்துக்கும் செராஸ் பக்கத்துக்கும் ஒரு தூரத்து உறவுண்டு. இங்கிருந்து சற்றுத் தெற்கே, இன்று உல்லாச ஏரியாகக் காட்சி தரும் மைன்ஸ் பகுதி, ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பெயரெடுத்த இடம். ஈயத்தை அலசி எடுத்தபின் மிஞ்சும் கனத்த மணலுக்கு அமாங் என்று பெயர். மலேசிய அமாங்கில் மோனசைட்டும் உண்டு. யிட்ரியம் நிறைந்த செனோடைம் என்ற தாதுவும் உண்டு. அவற்றைப் பிரித்தெடுக்க ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982இல் ஓர் ஆலை வேலை தொடங்கியது. கியாஸ் விளக்குக் காலத்தில் விலை போன தோரியம், இங்கே கதிரியக்கக் கழிவாக மிஞ்சியது. ஊர் மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் வேலையை நிறுத்தச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. ஒரு சிட்டிகைப் பொடிக்குப் பின்னால் இத்தனை பாடு!

சூடும் ஈரமும்

அக்காவின் விளக்குக்கு வருவோம். பொடி எங்கே போயிற்று?

எல்.இ.டி. சூடாவதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டால் சுடாத சின்ன விளக்கைப் பார்த்து அப்படி எண்ணுவது இயல்புதான். சக்தி மிகுந்த விளக்கின் கதை வேறு. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வாட் மின்சாரம் சுமார் 20,000 சதுர மில்லிமீட்டர் அடித்தட்டில் பரவுகிறது. சதுர மில்லிமீட்டருக்கு 0.05 வாட் வருகிறது. சக்தி மிகுந்த எல்.இ.டி. சில்லிலோ ஒரே சதுர மில்லிமீட்டருக்குள் ஒரு வாட்டும் அதற்கு மேலும் பாய்கிறது. இஸ்திரிப் பெட்டியைப் போல இருபது மடங்கு நெருக்கம்! அதில் கணிசமான பங்கு உஷ்ணமாகத்தான் மாறுகிறது.

போதாததற்குப் பொடியும் தன் பங்குக்குச் சூடாகிறது. நீல ஒளியில் சக்தி அதிகம், மஞ்சளில் குறைவு. நீலத்தை வாங்கி மஞ்சளாக்கிக் கொடுக்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தி உஷ்ணமாகப் பொடியிலேயே தங்கிவிடுகிறது. சில்லுக்கு அடியில் எத்தனை அலுமினியத் தகடு வைத்தாலும், மேலே இருக்கும் பொடியின் சூடு இறங்க வழி வேண்டுமே!

வழியை அடைப்பது சிலிக்கோன். பொடியைச் சில்லின் மேல் ஒட்டவைக்க அதைச் சிலிக்கோன் கோந்தில் குழைத்து ஒரு சொட்டு விடுகிறார்கள். மலிவு, வேலை சுலபம், கண்ணாடி போல் தெளிவு. ஆனால் உஷ்ணத்தைக் கடத்துவதில் அது சோம்பேறி. 150 டிகிரிக்கு மேல் நெடுநாள் வைத்தால் மஞ்சளிக்கும், வெடிக்கும், சில்லை விட்டு உரியும். உரிந்துவிட்டால் நீல ஒளி பொடியைச் சரியாகச் சந்திக்காமல் தப்பி வெளியே வந்துவிடும். அமெரிக்காவில் 2021ஐ ஒட்டிச் சில நகரங்களில் தெருவிளக்குகள் திடீரென்று ஊதா நிறமாகி, ஊர்க்காரர்கள் ஏதேதோ கற்பனை செய்துகொண்டார்கள். உண்மைக் காரணம் இதுதான். பொடிப் படலம் சில்லிலிருந்து கழன்றுவிட்டது. மில்வாக்கி நகரத்துச் சாலைக்கு வந்த நோய்தான் தாமான் கன்னாட் முறுக்குக் கடைக்கும் வந்திருக்க வேண்டும்.

சிலிக்கோனுக்கு இன்னொரு குறையும் உண்டு. தண்ணீர் சொட்டு அதற்குள் புகாது. நீராவி தாராளமாகப் புகும். கோலாலம்பூர்க் காற்றின் ஈரம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருப்பது நமக்குத் தெரியும். எல்.இ.டி. தயாரிப்பாளர்கள் வைக்கும் கடும் சோதனை ஒன்றில் 85 டிகிரி உஷ்ணத்திலும் 85 விழுக்காடு ஈரத்திலும் விளக்கை 1000 மணி நேரம், அதாவது சுமார் 42 நாள் வாட்டி எடுப்பார்கள். நம் ஊரில் பிளாஸ்டிக் பையில் கட்டிய விளக்குக்கு அந்தச் சோதனை தினசரி நடக்கிறது என்று சொன்னால் அதிகம் மிகையாகாது.

தோட்டத்து வாசகர்களுக்கென்று ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் பால் வெட்டிக் கொடுத்த ரப்பருக்கு உறுதியேற்றக் கந்தகம் சேர்ப்பார்கள் அல்லவா? அந்த ரப்பரில் செய்த வளையத்தை எல்.இ.டி. விளக்கின் மூடிக்குள் வைத்தால், கந்தகம் மெல்ல ஆவியாகிச் சிலிக்கோனுக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சைக் கறுப்பாக்கிவிடும். வெளிச்சம் மங்கும். அதனால்தான் நல்ல விளக்குகளில் ரப்பர் வளையத்தைத் தவிர்க்கிறார்கள்.

சிவப்புப் பொடியின் வீம்பு

மஞ்சள் பொடி உண்மையில் முரட்டுப் பிள்ளை. சூட்டையும் ஈரத்தையும் பெரும்பாலும் தாங்கிவிடும். சிலிக்கோன் கைவிட்டால்தான் அதற்குக் கெடுதி. ஆனால் நீலமும் மஞ்சளும் மட்டும் கலந்த வெள்ளையில் சிவப்புக் குறைவு. முறுக்கின் பொன்னிறம், மிளகாய் வற்றலின் சிவப்பு, மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக் கரை எல்லாம் உயிரோடு தெரிய வேண்டுமானால் சிவப்புப் பொடியும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். தொல்லை அங்கேதான்.

கந்தகம் சேர்ந்த சிவப்புப் பொடிகள் ஈரம் பட்டால் சிதைந்து அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவை விடுகின்றன. அது பொடியையும் கெடுத்து, வெள்ளிப் பூச்சையும் கெடுக்கும். இன்னொரு பொடி பொட்டாசியம், சிலிக்கன், ஃபுளோரின் சேர்ந்தது. அதில் துளி மாங்கனீசு. டெலிவிஷன், கைப்பேசித் திரைகளுக்கு இது கொடுக்கும் சிவப்பு அபாரம். ஆனால் ஈரக்காற்றில் வைத்தால் மாங்கனீசு பழுப்பேறி, நறுக்கிய ஆப்பிளைப் போல் கறுத்துப்போகும். யூரோப்பியம் கலந்த நைட்ரைடுப் பொடி இவற்றைவிடத் திடமானது. அதற்கும் அளவுக்கு மிஞ்சிய சூட்டில் காற்றுப் பட்டால் ஆகாது.

இந்தப் பொடிகளை ஈரத்திலிருந்து காக்க வேண்டும், அதே சமயம் சூட்டையும் வெளியே விட வேண்டும். பிளாஸ்டிக் பை போட்டால் முதல் காரியம் நடக்கும், இரண்டாவது கெடும். பையைக் கழற்றினால் சூடு இறங்கும், ஈரம் ஏறும். இரண்டையும் ஒருசேரச் செய்யும் பொருள் எது? விஞ்ஞானிகள் சுற்றி வளைத்து வந்து நின்ற இடம் நம் சமையலறை அலமாரியில் இருக்கும் கண்ணாடி!

யோசித்தால் இது புதுமையே அல்ல. பழைய டியூப் லைட்டில் ஒளிர்பொடி எங்கே இருந்தது? மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் குழாயின் உட்புறத்தில். காற்றும் ஈரமும் அதை நெருங்கவே முடியாது. பாதரசம் இருக்கிறது என்பதால் 2027க்குள் டியூப் லைட் தயாரிப்பை நிறுத்துவதென உலக நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. குழாயோடு கண்ணாடிக் காவலும் போயிற்று. இப்போது அந்தக் காவலைத் திரும்ப அழைக்கிறார்கள்.

கடலை மிட்டாய்க் கணக்கு

செய்முறையை அந்த அக்காவிடம் சொன்னால் என்னைவிட அவருக்கு நன்றாகப் புரியும். கடலை மிட்டாய் செய்வதில்லையா? வெல்லத்தைப் பாகு காய்ச்சி, வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி, ஆறியதும் துண்டு போடுகிறோம். கடலை பாகுக்குள் அடைபட்டுவிடுகிறது.

இங்கே பாகு கண்ணாடி, கடலை ஒளிர்பொடி. சீக்கிரம் இளகும் கண்ணாடியை மாவாக அரைத்து, ஒளிர்பொடியோடு கலந்து, வில்லையாக அழுத்தி, 600 முதல் 800 டிகிரி வரை உலையில் சுடுகிறார்கள். கண்ணாடி மாவு உருகிப் பொடியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஆறியபின் மெல்லிய தகடாகச் சீவி, மெருகேற்றி, நீலச் சில்லின் மேல் வைத்தால் சிலிக்கோனுக்கு வேலையே இல்லை. கண்ணாடி உஷ்ணத்தைச் சிலிக்கோனைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு கடத்தும். மஞ்சளிப்பதில்லை. நீராவி புகாது.

மஞ்சள் பொடிக்கு இது சுலபமாகப் பலித்தது. சிவப்புப் பொடிக்கு? பாகு அதிகம் காய்ந்தால் கடலை கருகிவிடுமல்லவா, அந்தக் கதைதான். உருகிய கண்ணாடி சும்மா இருப்பதில்லை, உள்ளே விழுந்ததைக் கரைக்கப் பார்க்கும். நைட்ரைடுப் பொடியின் யூரோப்பியம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு குணம் மாறும். ஃபுளோரைடுப் பொடி அந்தச் சூட்டுக்கு நெருங்கவே முடியாது. சரி, குறைந்த சூட்டில் இளகும் கண்ணாடியைத் தேடுவோம் என்று புறப்பட்டார்கள். காரீயம் கலந்த கண்ணாடி நன்றாக இளகும். ஆனால் காரீயம் விஷம், மின்சாதனங்களில் அதற்கு 2006 முதல் ஐரோப்பாவில் கெடுபிடி. பாஸ்பேட்டுக் கண்ணாடியும் சீக்கிரம் இளகும். ஆனால் அதில் பல ரகங்களுக்குத் தாமே ஈரத்தை இழுக்கும் சுபாவம். இளம்பாகில் பிடித்த மிட்டாய் மழைக்காலத்தில் பிசுபிசுப்பதைப் பார்த்திருப்பீர்களே! காவற்காரனே ஈரம் குடித்தால் என்ன செய்வது? டெலுரியம் கலந்த கண்ணாடி ஓரளவு கைகொடுத்தது. குறைந்த சூட்டில் இளகி நைட்ரைடுப் பொடியைக் காப்பாற்றுகிறது, விலைதான் கூடுதல். இவற்றோடு குமிழி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறும்போது கண்ணாடியும் பொடியும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் விரிசல் விடும். பக்குவம் தப்பினால் எல்லாம் பாழ்.

ஃபுளோரைடுப் பொடியைக் கண்ணாடிப் பாகில் போடுவது மிகக் கடினம் என்பதால் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியே மெல்லிய மேல்பூச்சுக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

கடலையைப் பாகில் போடாமல், பாகுக்குள்ளேயே கடலையை முளைக்க வைத்தால் என்ன? இப்படியும் கேட்டிருக்கிறார்கள் சிலர். செராசுக்குப் பக்கத்தில் செர்டாங்கில் இருக்கும் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் கழிவுக் கண்ணாடியை எடுத்து, நாக ஆக்சைடு சேர்த்து உருக்கி, தண்ணீரில் கொட்டி, அரைத்து, மறுபடியும் சுட்டார்கள். கண்ணாடிக்குள்ளேயே வில்லமைட் என்ற படிகம் வளர்ந்தது. இது நெடுங்காலமாக அறியப்பட்ட ஒளிரும் தாது. யூரோப்பியம் போன்ற உலோகங்களைத் துளி சேர்த்தால் வெவ்வேறு நிறம் காட்டும். குப்பைக்குப் போக வேண்டிய போத்தல் ஒளிர்பொடியாகவும் அதன் கவசமாகவும் மாறுகிறது! வெளிநாடுகளில் இதே யுக்தியைப் பெரோவ்ஸ்கைட் என்னும் மகா சொகுசான படிகங்களுக்குக் கையாளுகிறார்கள். ஈரக்காற்றுப் பட்டால் வெகு சீக்கிரம் கெட்டுவிடும் அவை, கண்ணாடிக்குள் பிறந்து வளர்ந்தால் தண்ணீரில் போட்டாலும் ஒளிர்கின்றன.

நம் கைக்கு எப்போது?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பொடியைக் கண்ணாடியிலோ பீங்கானிலோ அடைத்த தகடுகள் இன்று அதிகம் போய்ச் சேருவது கார் முன்விளக்குக்கும் படம் காட்டும் கருவிக்கும்தான். பசார் மாலத்து விளக்குகளில் சிலிக்கோன் சொட்டுதான் ஆட்சி. கடைக்காரரிடம் "கண்ணாடித் தகடு இருக்கிறதா?" என்று கேட்டால் முழிப்பார்.

இந்தத் தொழிலுக்கு நம் நாடு அந்நியம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1972இல் பினாங்குக்கு வந்த முதல் எட்டு மின்னணு ஆலைகளில் ஒன்றான லிட்ரோனிக்ஸ் எல்.இ.டி. செய்த கம்பெனி, பிற்காலத்தில் அது ஓஸ்ராமின் கைக்குப் போயிற்று. 2017இல் கெடா கூலிமில் ஓஸ்ராம் பெரிய எல்.இ.டி. சில்லு ஆலையைத் திறந்தது.

அடுத்த புதன்கிழமை அக்காவிடம் போனேன். முதல் வேலையாகப் பிளாஸ்டிக் பையை அவிழ்க்கச் சொன்னேன். விளக்கைத் தார்ப்பாய்க்கு அடியில், மழை படாமலும் காற்றுப் படும்படியும் நகர்த்திக் கட்டினோம். பையைக் கழற்றியதால் பழைய விளக்கு வெள்ளையாகிவிடவில்லை. உரிந்த பொடி திரும்ப ஒட்டாது. அதன் மறுவாரம் அவர் புது விளக்கு வாங்கியிருந்தார். முதுகில் கனமான அலுமினிய இறக்கைகள், பெட்டியில் இளமஞ்சள் வெள்ளை என்று குறிப்பு. வாட்டும் பழையதைவிடக் குறைவு. முறுக்கு மீண்டும் முறுக்காகத் தெரிந்தது.

கண்ணாடிப் பாகு சங்கதியை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். கைவேலையை விடாமல் கேட்டுக்கொண்டே வந்தவர், ஒரு பொட்டலம் கடலை மிட்டாயை என் கையில் திணித்தார்.

"அப்படின்னா அவுங்களுக்கும் பாகுப் பதந்தான் சிக்கலா தம்பி? எங்கம்மா தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாப்பாங்க. டொக்குன்னு சத்தம் கேக்கணும். அவுங்க எப்படிப் பாக்குறாங்களாம்?"